இருப்பும் உரித்தும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் சமயத்தைப் பற்றியோ கல்வியைப் பற்றியோ பேசுவதே வழக்கம். இம்முறை சொத்துரிமையைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் எம்மைப் பணித்திருக்கின்றனர். லயக் காம்பராவில் இருப்பவனுக்குச் சொத்துரிமைப் பாடம் எதற்கு என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்திலிருப்பவரைக் கேட்டது எமது காதிலும் விழுந்தது. நியாயமான கேள்வியே. பத்து ஏக்கர் வயல் வைத்திருப்பவன் சட்டம் அறியாமலும் காலந்தள்ளி விடலாம். அவனுக்குப் பரம்பரை உறுதி உண்டு, பழக்கமான நொத்தாரிசு உண்டு. ஒன்றுமில்லாதவன் கையில் முதன்முதலாக ஒரு கடதாசி வந்து சேரும்போது அது என்ன கடதாசி என்று அவன் அறியாதிருந்தால், கிடைத்தது எது, கிடைக்காதது எது என்பதும் அவனுக்குத் தெரியாது. அத்தகைய கடதாசிகள் ஊவாவின் தோட்டங்களுக்கு வரத் தொடங்கியிருக்கும் காலம் இது. ஆதலாற்றான் இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

சொத்து என்றவுடன் காணி, வீடு, மாடு, நகை என்று பொருள்களே மனத்தில் தோன்றும். சட்டத்தின் பார்வை சிறிது வேறானது. ஒரு பொருளைக் குறித்து மனிதருக்கும் மனிதருக்கும் இடையே உள்ள உறவே சட்டத்தின் கண்ணிற் சொத்துரிமை. தனித்தீவில் ஒருவன் மாத்திரம் வாழ்ந்தால் அவனுக்குத் தேங்காய் இருக்கும், சொத்துரிமை இராது. இது என்னுடையது, தொடாதே என்று சொல்வதற்கு இன்னொருவன் வந்து சேரவேண்டும்.

எமது லயங்களிற் பலர் பசு வளர்க்கின்றனர். பசுவின் சொந்தக்காரர் அதைக் கட்டி வைத்திருக்கலாம், பால் கறக்கலாம், கன்றை எடுக்கலாம், விற்கலாம், மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கலாம், பிறர் அவிழ்த்துக்கொண்டு போனால் வழக்குப் பேசி மீட்கலாம். இவை ஒவ்வொன்றும் தனித்தனி உரிமை. எங்கள் தாய்மார் மலையிலிருந்து தலையிற் சுமந்து வரும் விறகுக்கட்டில் எத்தனை கொம்புகள் உண்டோ, அதுபோலச் சொத்துரிமையும் பல உரிமைகள் சேர்ந்த ஒரு கட்டு. கட்டு முழுவதும் ஒருவரிடமே இருக்கவேண்டும் என்பதில்லை. பாலும் கன்றும் பாதிப்பாதி என்று பேசிப் பசுவைப் பக்கத்து வீட்டாரிடம் விட்டால் கட்டுப் பிரிந்துவிடுகிறது. பசு ஒருவருடையது, அதன் பலன் இருவருடையது.

இலங்கையின் பொதுச் சட்டம் றோமன் டச்சுச் சட்டம் என்பதைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒல்லாந்தர் 1658 முதல் 1796 வரை கரையோரத்தை ஆண்டபோது கொண்டுவந்த சட்டம் இது. ஒல்லாந்து தேசமே 1809இல் அதைக் கைவிட்டுப் பிரெஞ்சு முறையை ஏற்றுக்கொண்டது. இலங்கையிலும் தென்னாபிரிக்காவிலும் அது இன்னும் உயிரோடிருக்கின்றது. பிறந்த வீட்டில் மறக்கப்பட்டவள் புகுந்த வீட்டில் வாழ்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இச்சட்டம் சொந்தக்காரனின் உரிமைகளை மூன்று பெரும் பிரிவாக்குகின்றது: பொருளை உபயோகித்தல், அதன் பலனை அனுபவித்தல், அதைப் பராதீனப்படுத்தல். பராதீனம் என்பது விற்றல், ஈடு வைத்தல், நன்கொடை செய்தல் முதலியவற்றுக்குப் பொதுப்பெயர்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போவோம். பசறையாகட்டும், மடுல்சீமையாகட்டும், அப்புத்தளையாகட்டும், பெருந்தோட்டக் காணிகளுட் பெரும்பகுதிக்குச் சொந்தக்காரர் அரசு. 1972ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவர் 50 ஏக்கருக்கு மேல், வயலாயின் 25 ஏக்கருக்கு மேல், வைத்திருக்கலாகாது என்றது. 1975இன் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. 1992இல் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டு, பின்னர் 53 ஆண்டுக் குத்தகையாக எழுதப்பட்டது. ஆகவே சொந்தம் அரசிடம் இருக்க, உபயோகமும் பலனும் குத்தகைக் காலம் வரை கம்பனியிடம் இருக்கின்றன. அதே காணியில் நிற்கும் 12 அடிக்கு 10 அடிக் காம்பராவிற் பிறந்து, வளர்ந்து, பிள்ளை பெற்றவருக்கு இருப்பது என்ன? அனுமதி. அதுவும் வேலையோடு ஒட்டிய அனுமதி. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் போட்டிருக்க வேண்டும் என்று எமது பெற்றோர் சொல்லும் சொல்லின் சட்டப்பொருள் இதுதான்.

அனுமதிக்கும் உரிமைக்கும் உள்ள பேதத்தை விளங்கிக்கொள்ள ஒரே வழி, எதிரே நிற்பவர் மாறும்போது என்ன நிகழ்கிறது என்று பார்ப்பது. எமது பசுவைப் பொறுத்த உரிமை உலகத்தார் எல்லாருக்கும் எதிராகச் செல்லும். துரை மாறினாலும், கம்பனி மாறினாலும், அரசாங்கமே மாறினாலும் பசு எமது பசுவே. இதற்குப் பொருள்மேல் உரிமை என்று பெயர். இந்த மூலையில் மரக்கறி போட்டுக்கொள் என்று ஒரு துரை சொன்ன வாக்கோ அவரோடு மாத்திரம் ஒட்டியது. அடுத்த துரை வந்து, அங்கே தேயிலை நடப்போகிறேன் என்றால் பழைய வாக்கை நீட்டிக் காட்ட இயலாது. ஊவாவின் தோட்டங்கள் கோப்பித் துரைமாரிடமிருந்து தேயிலைக் கம்பனிகளுக்கும், கம்பனிகளிடமிருந்து அரசுக்கும், அரசிடமிருந்து மீண்டும் கம்பனிகளுக்கும் கைமாறியிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் மரம், செடி, பங்களா, தொழிற்சாலை எல்லாம் எழுத்தில் ஏறின. எம்மவர் செக்ரோலில் மாத்திரமே ஏறினர்.

இந்நிலைமையின் வேர் 1840ஆம் ஆண்டில் இருக்கின்றது. அவ்வாண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காடு, தரிசு, குடியோ பயிரோ இல்லாத காணி யாவும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை என்று அனுமானிக்கச் சொன்னது. அதே ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காணிக் கைமாற்றம் எதுவும் எழுத்தில் அமைந்து, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு ஒப்பமிடப்பட்டாலன்றிச் செல்லாது என்றது. மோசடியைத் தடுக்க எழுந்த இந்த இரண்டாம் சட்டம் நல்ல சட்டமே. இன்றும் நடைமுறையில் உள்ளது. ஆயினும் இரண்டும் ஒன்றாக வந்து நின்றபோது, எழுத்தேயில்லாமல் பாட்டன் காலந்தொட்டுச் சேனை செய்த மலைநாட்டுக் கிராமத்தவர் என்ன செய்வார்? ஊவா மக்கள் 1817, 1818ஆம் ஆண்டுகளின் கலகத்தில் அழிக்கப்பட்டுச் சிதறியவர்கள். அவர்களுடைய சேனைகளும் காடுகளும் முடிக்குரியவையாகி, ஏக்கர் ஐந்து ஷில்லிங் என்ற விலையிற் கோப்பித் தோட்டக்காரருக்குப் போயின. 1844இல் அவ்விலை ஒரு பவுணாக உயர்ந்தது. அந்தக் காட்டை வெட்டத்தான் எமது முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்தார்கள்.

இதை இங்கே விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தோட்டக் காணியை எமக்குக் கேட்கும்போது, எங்கள் காணியை நீங்கள் கேட்கிறீர்களா என்று பக்கத்துக் கிராமத்தவர் வினவுவதுண்டு. அவர்கள் குறையைக் கண்டியர் விவசாயிகள் ஆணைக்குழு 1951ஆம் ஆண்டின் அறிக்கையில் விரிவாக எடுத்துரைத்திருக்கின்றது, அது வீண்வாதமன்று. ஆனால் அவர்களிடமிருந்து காணியை எடுத்தவர் எமது பாட்டனார் அல்லர். வெட்டுக் கத்தியைப் பிடித்தது அவர் கையாக இருந்தது, அவ்வளவே. இதை அமைதியாக எடுத்துச் சொல்லப் பழகவேண்டியவர்கள் சிங்களமும் தமிழும் பேசத் தெரிந்த எம்போன்ற வாலிபர்கள்.

உழைத்தவனுக்கு அன்றோ நிலம் சொந்தமாக வேண்டும் என்று கேட்கலாம். இதே எண்ணத்தை ஜோன் லொக் என்னும் ஆங்கிலத் தத்துவஞானி 1689இல் வெளியிட்டார். ஒருவருக்கும் சொந்தமல்லாத பொருளோடு ஒருவன் தன் உழைப்பைக் கலந்தால் அது அவனுடையதாகும் என்பது அவர் கொள்கை. அக்கணக்கைக் கைக்கொண்டால் நமுனுகுலை முதல் அப்புத்தளை வரை யார் பெயரில் எழுதவேண்டும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதே அத்தியாயத்தில் லொக், தம் வேலையாள் வெட்டிய புற்கரணையும் தம்முடையதே என்று எழுதிவிடுகிறார். எசமானின் உழைப்பும் கூலியாளின் உழைப்பும் அவர் தராசில் ஒன்றாகவில்லை. சட்டமும் லொக்கின் இரண்டாம் வாக்கியத்தையே பின்பற்றியது.

சரி, உழைப்பு வேண்டாம். நீண்டகால இருப்புக்காவது பலன் இல்லையா? உண்டு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின்படி, ஒரு காணியைப் பிறர் உரிமையை ஏற்காமல், தடையும் இடையீடும் இன்றிப் பத்தாண்டு ஆண்டு அனுபவித்தவர் அதற்கு உரித்தாளராகலாம். இதைக் கேள்விப்பட்ட பலர், நாங்கள் நூறாண்டுக்கு மேலாக இருக்கிறோமே என்று மகிழ்கிறார்கள். மகிழ இடமில்லை. முதலாவது, அனுமதியோடு இருப்பவரின் இருப்பு, அனுமதி தந்தவரின் உரிமையை ஏற்றுக்கொண்ட இருப்பு. அத்துமீறிப் பத்தாண்டு இருந்தவருக்குக் கிடைக்கக்கூடியது, சொல்லிவிட்டு நூறாண்டு இருந்தவருக்குக் கிடைக்காது. இரண்டாவது, அரசகாணிக்கு எதிராக இந்தச் சட்டம் செல்லாது. சட்டத்தின் ஓர்மை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்! இனி, நாம் எமது காசில் காம்பராவோடு இறக்கிய குசினி, போட்ட சீமெந்துத் தரை, கட்டிய மாட்டுக் கொட்டில் எல்லாம் யாருடையவை? நிலத்தோடு இணைந்தது நிலத்தைச் சேரும் என்பது றோமர் காலத்து விதி. அனுமதியோடு செய்த திருத்தத்துக்கு நட்டஈடு கேட்க வழியிருக்கலாம். கட்டிய சுவருக்குச் சொந்தங் கொண்டாட வழியில்லை.

வெளியேறு என்றால் உடனே வெளியேறத்தான் வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. இதற்கு எம்மவர் ஒருவரின் வழக்கு இலண்டன்வரை சென்று விடை பெற்றுத் தந்திருக்கிறது. 1950இல் பிரிவி கவுன்சில் தீர்த்த செல்வநாயகம் வழக்கு அது. இது தந்தை செல்வாவைக் குறிப்பதன்று. இவர் ஒரு தோட்டத் தொழிலாளி. வெளியேறும்படி அறிவித்தல் கொடுத்த பின்பும் லயத்தை விட்டுப் போகவில்லை என்று அவர்மீது குற்றவியல் அத்துமீறல் வழக்குத் தொடுக்கப்பட்டது.  பிரிவி கவுன்சில் முன் அக்குற்றச்சாட்டு நிலைக்கவில்லை. குற்றமாவதற்குக் காணிக்காரரைத் தொந்தரவு செய்வதே ஒருவரின் முதன்மையான நோக்கமாக இருக்கவேண்டும். தாம் வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து வாழ விரும்புவது அத்தகைய நோக்கமன்று என்பது அதன் சாரம். சிவில் உரிமையைச் செலவின்றி விரைவாகச் சாதித்துக்கொள்ளும் குறுக்கு வழியாகக் குற்றச்சட்டத்தைப் பயன்படுத்தலாகாது என்றும் பிரபுக்கள் கருதினர். சட்டம் படிப்போர் இந்த வழக்கை இன்றும் படிக்கின்றனர். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வழக்கு இருப்பதே தெரியாது.

ஆயினும் இவ்வழக்கின் எல்லையையும் அறிந்துகொள்ள வேண்டும். அவர் குற்றவாளி அல்லர் என்றுதான் தீர்ப்பு. அக்காம்பரா அவருடையது என்றன்று. அரசகாணியைப் பொறுத்தமட்டில் 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி ஆட்சி மீட்புச் சட்டம் வேறொரு வாயிலையும் திறந்து வைத்தது. வெளியேற்ற அறிவித்தல் வந்து, விடயம் நீதவான் முன் சென்றால், செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ எழுத்து மூலமான அதிகாரமோ என்னிடம் உண்டு என்று காட்டுவது ஒன்றே எதிர்வாதம். மீண்டும் எழுத்துத்தான்.

எழுத்தைப் பெறுவதற்கு முதலில் ஆளாக வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எம்மவரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 1974இன் தொடர் ஒப்பந்தம் என்று தலைகள் பங்கிடப்பட்டன. மீந்திருந்தோர் கணக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. அரசு காணியைப் பகிர்ந்தளித்த நீண்ட காலம் முழுவதும் நாம் வரிசையிலேயே நிற்கவில்லை. 1970களில் தோட்டக் காணிகள் துண்டாடப்பட்டபோது பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயின. 1977 மே மாதத்தில் அத்தகைய காணிச் சுவீகரிப்பை எதிர்த்து டெவன் தோட்டத்தில் நின்ற சிவனு லெட்சுமணன் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். ஆள் என்ற தகுதி வந்த பின்பும் ஊர் என்ற தகுதி தாமதித்தே வந்தது. தோட்டத்துக்குள் பிரதேச சபை பணம் செலவிட இருந்த தடை நீங்கும்படி 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டது 2018இலேதான். அதுவரை வரிசையாக நின்ற லயங்கள் சட்டத்தின் கண்ணில் கிராமமல்ல, ஒருவருடைய வேலைத்தலம்.

இனி மீரியபெத்த. அதைச் சொல்லாமல் பதுளையில் நின்று சொத்துரிமை பேசுவது தகாது. 2014 ஒக்ரோபர் 29ஆம் தேதி காலையில் கொஸ்லாந்தைக்கு அருகே மலை சரிந்து லய வரிசைகளை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது பலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரித்தார்களே, ஏன் போகவில்லை என்று கொழும்பிலிருந்து கேட்டவர்கள் உண்டு. எங்கே போவது? உறுதியுள்ளவர் தம் காணியை விற்கலாம், ஈடு வைக்கலாம், வேறிடத்தில் அரைக்காற் காணி வாங்கலாம், நட்டத்திலாவது நகர்ந்துவிடலாம். அனுமதியில் இருப்பவர் காம்பராவை விட்டு இறங்கினால் கையில் ஒன்றுமில்லாமல் இறங்குகிறார். தோட்டத்துக்குள்ளேயே பத்திரமான ஒரு மேட்டில் தாமாகக் குடிசை போட்டுக்கொள்ளவும் அவருக்கு உரிமையில்லை. பராதீன உரிமை என்று சற்று முன் ஒரு வறண்ட சொல்லைச் சொன்னோமே, அது இல்லாமற் போனால் மனிதர் மலைக்கடியில் அமர்ந்திருக்கவேண்டி வரும். மீரியபெத்தக் குடும்பங்களுக்கு 2016இல் பூனாகலைப் பக்கத்தில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. 2023 மார்ச்சில் அதே பூனாகலையில் கபரகலைத் தோட்டத்து லயங்கள்மேல் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்து மலைகள் மறுபடியும் சரிந்தன. எச்சரிக்கை ஒட்டப்பட்ட லயங்கள் இன்னும் எத்தனையோ உண்டு.

இப்பொழுது கடதாசிக்கு வருவோம். 2015க்குப் பின் குடும்பமொன்றுக்கு ஏழு பேர்ச்சஸ் என்ற அளவில் தனிவீடுகள் எழுந்தன. ஒரு பேர்ச் 272 சதுர அடிக்குச் சிறிது கூட. ஏழு பேர்ச்சஸ் ஏறக்குறைய 1,900 சதுர அடி. 120 சதுர அடிக் காம்பராவிலிருந்து வருபவருக்கு அது பெருவெளியே. பத்துப் பேர்ச்சஸ் வேண்டும் என்ற கோரிக்கையும் உண்டு. இந்திய உதவியுடன் நடைபெறும் வீடமைப்புத் திட்டத்தின் பயனாளிகளுக்கு 2025 ஒக்ரோபரில் நமது பண்டாரவளையிலேயே விழாவெடுத்துப் பத்திரங்கள் கையளிக்கப்பட்டன. அவை உறுதியா, வீடு ஒதுக்கியதற்கான சான்றா என்று அரசியல் மேடைகளில் வாதம் எழுந்தது. அவ்வாதத்தில் நாம் எந்தப் பக்கமும் சேரவில்லை. ஆனால் கேட்கப்பட்ட கேள்வி மிகச் சரியான கேள்வி.

ஏனெனில் எல்லாக் கடதாசியும் ஒரே கடதாசியன்று. அனுமதிப்பத்திரம் என்பது இருக்கலாம் என்ற சொல். நிபந்தனை மீறினால் இரத்தாகும். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின்கீழ் வழங்கப்படும் அளிப்புப்பத்திரம் அதனினும் உறுதியானது. சுவர்ணபூமி, ஜயபூமி என்று பெயர் கேட்டவை எல்லாம் இவ்வகையே. ஆனால் அதிலும் நினைத்தபடி விற்கவோ, நினைத்தவரிடம் ஈடு வைக்கவோ இயலாது. பின்னுரித்தாளர் இன்னார் என்று பதிவு செய்யவேண்டும். நீண்ட குத்தகை என்பது காலம் முடிந்தால் முடிவது. நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய அறுதி உறுதி ஒன்றுதான் விறகுக்கட்டு முழுவதையும் தலையில் ஏற்றுவது. அதையும் பதுளைக் காணிப் பதிவகத்திற் பதியவேண்டும். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கப் பதிவுச் சட்டத்தின்படி, பதியாமல் பெட்டியில் வைத்த முந்திய உறுதி, விலை கொடுத்து வாங்கி மோசடியின்றிப் பதிந்த பிந்திய உறுதிக்கு முன் தோற்றுப்போகும்.

ஆகவே விழா மேடையிற் பொன்னாடையோடு ஒரு பத்திரம் கிடைத்தால், வீட்டுக்கு வந்து விளக்கைத் தூண்டிவிட்டு அதைக் கேள்வி கேளுங்கள். யார் தருகிறார், அவருக்குத் தர உரிமை உண்டா? காணியின் எல்லையும் நில அளவைப் பட இலக்கமும் அதில் உண்டா? நான் வேலையை விட்டால் வீடு என்னாகும்? நான் இறந்தால் யாருக்குப் போகும்? வங்கி இதை ஈடாக ஏற்குமா? வீட்டைப் பற்றி மாத்திரம் சொல்கிறதா, அடியிலுள்ள நிலத்தைப் பற்றியும் சொல்கிறதா? கடைசிக் கேள்வி மிக முக்கியம். மண் ஒருவருடையதாயும் சுவர் இன்னொருவருடையதாயும் இருந்தால் யார் வெல்வார் என்பதை றோமர் எப்போதோ தீர்த்துவிட்டனர்.

மூலப்பத்திரத்தின் அருமையை எமது சமயமே கதையாகச் சொல்லுகின்றது. பெரிய புராணத்திலே சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு வந்த முதியவர், நீ எனக்கு அடிமை என்று ஓலையைக் காட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்தெறிகிறார். முதியவரோ கலங்கவில்லை. வழக்குத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போனபோது, கிழித்தது படியோலை, மூல ஓலை இதோ என்று எடுத்து வைக்கிறார். சபையார் உடனே நம்பிவிடவில்லை. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் கொண்டுவந்து கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தே தீர்ப்புச் சொல்கின்றனர். எதிரே நிற்பவர் இறைவனேயாயினும் சபை ஆவணத்தைக் கேட்டது! பக்தியோடு நாம் கேட்கும் இக்கதையில் மூலம், படி, கையெழுத்துச் சான்று, சபைத் தீர்ப்பு என்று சட்டக்கல்லூரி முதலாண்டுப் பாடம் முழுவதும் இருக்கின்றது. மிஷன் பாடசாலையில் எமக்குச் சொல்லித் தந்த நாபோத்தின் கதையும் இங்கே நினைவுக்கு வருகிறது. பிதாக்களின் சுதந்தரமான திராட்சைத் தோட்டத்தை விற்கமாட்டேன் என்றவனைப் பொய்ச்சாட்சி வைத்துக் கொன்று, ஆகாப் அரசன் அதை எடுத்துக்கொண்டான். இரண்டு பொய்ச்சாட்சிகள் ஒரு காணியைத் தின்றுவிட்டனர். நொத்தாரிசும் பதிவகமும் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

பெரியோர் சற்றுப் பொறுத்தருள வேண்டும். அடுத்துச் சொல்வது சிலருக்குக் கசக்கும். காணி ஆம்பிளைப் பிள்ளைக்குத்தான் என்று தோட்டங்களில் ஒரு நம்பிக்கை உண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தவருக்குத் தேசவழமை, கண்டிச் சிங்களவருக்குக் கண்டியச் சட்டம், முஸ்லிம்களுக்கு அவர்தம் சட்டம் என்று தனித்தனி வழக்குகள் இருக்க, மலையகத் தமிழராகிய எமக்குப் பொதுச் சட்டமே செல்லும். 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின்படி, மரணசாசனம் எழுதாமல் ஒருவர் இறந்தால் அவர் சொத்திற் பாதி உயிரோடிருக்கும் மனைவிக்கு அல்லது கணவனுக்கு. மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சரிசமம். மகனுக்கும் மகளுக்கும் பேதமில்லை. காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம் ஒன்றுதான் நெடுங்காலம் ஆண்மக்களை முன்னிறுத்தி வைத்திருந்தது. அதுவும் 2022இல் திருத்தப்பட்டது. கொழுந்தெடுத்துக் குடும்பத்தை நடத்தியவள் தாய். வீட்டுக் கடதாசியில் தந்தை பெயர் மாத்திரம் ஏறுவது முறையா என்பதை இச்சபையிலுள்ள தாய்மாரே சொல்லட்டும். இரு பெயரும் எழுதக் கேட்பதில் வெட்கமில்லை. விவாகப் பதிவும் பிறப்புப் பதிவும் இல்லாத குடும்பங்கள் அவற்றை இப்போதே சரிசெய்தல் நன்று; மரணம் நேர்ந்தபின் யாருக்கு யார் மனைவி, யாருக்கு யார் பிள்ளை என்று கச்சேரி வாசலில் நிரூபித்துக்கொண்டு நிற்பது கொடுமை. மரணசாசனம் எழுத விரும்புவோர் நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையில் எழுதலாம். நொத்தாரிசு இல்லாவிடில் ஐந்து சாட்சிகள் வேண்டும்.

கோயிலைப் பற்றி ஒரு வார்த்தை. எமது தோட்டங்களில் மாரியம்மன் கோயில் இல்லாத இடமில்லை. சம்பளத்தில் சந்தா பிடித்து, கல் சுமந்து கட்டியவை அவை. அம்மனுக்கும் லயத்தாரின் கதியே: கோபுரம் எங்களது, நிலம் தோட்டத்தினது. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச்சட்டத்தின்கீழ் கோயிற் சொத்தைத் தருமகர்த்தாக்கள் பெயரில் முறைப்படி அமைத்து வைக்க வழியுண்டு. ஆனால் அதற்கு முதலில் நிலத்தை எழுத்திற் பெறவேண்டும். நகை, பாத்திரம், உண்டியற் பணம் ஆகியவற்றுக்கு ஏடு இருக்கவேண்டும். திருவிழாவில் முதற்காளாஞ்சி யாருக்கு என்று வழக்காடச் செலவிடும் பணத்திற் பாதி இந்த வேலைக்குப் போதும்.

நேரம் கடந்துவிட்டது, நாடகக் குழுவினர் திரைக்குப் பின்னால் வேடத்தோடு நிற்கின்றனர். செயற்குழுவின் இசைவோடு ஒன்று தெரிவித்துக்கொள்கிறோம். விடுமுறையில் நாம் ஊரிலிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை வேளை சங்க வாசிகசாலையில் அமர்ந்திருப்போம். துரை எழுதிக்கொடுத்த பழைய துண்டாயினும், வீட்டுக்கடன் பற்றுச்சீட்டாயினும், விழாவிற் கிடைத்த பத்திரமாயினும் கொண்டு வாருங்கள். மூலத்தை வீட்டிலே வைத்துவிட்டுப் படியைக் கொண்டுவந்தால் போதும். வாசித்து, அதில் என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதப்படவில்லை என்று சொல்வோம். எமக்கு விளங்காதவற்றைப் பதுளையிலுள்ள சட்டத்தரணிகளிடம் கேட்டுச் சொல்வோம்.